காணி வாங்கும் முன் குறுக்களவையும் கேளுங்கள்

கடந்த மாதம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு காணி அளந்தேன். வாங்க இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய பிளானின் பிரதி ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் வீதியோர எல்லைக்கு நேரே 63 என்று எழுதியிருந்தது. "தம்பி, அறுபத்து மூன்று அடி என்றுதானே கிடக்கு. நான் டேப் பிடிச்சுப் பார்த்தால் நாற்பத்தொன்றரைதான் வருகுது. மிச்சக் காணி எங்கே போனது?" என்று கேட்டார். குரலில் பதற்றம் தெரிந்தது. முற்பணம் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது.

காணி எங்கேயும் போகவில்லை. அந்த 63 அடி அல்ல, லிங்க். பழைய பிளான்கள் சங்கிலிக் கணக்கில் வரைந்தவை. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். அப்படியென்றால் 63 லிங்க் என்பது 41.58 அடி, மீற்றரில் 12.67. ஐயாவின் டேப் பொய் சொல்லவில்லை.

அவருடைய மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறாள். அவளும் கூட வந்திருந்தாள். இரண்டு எல்லைக் கற்களுக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த ஆள்கூறுகளை, அதாவது கல் நிற்கும் இடத்தை மீற்றரில் சொல்லும் கிழக்கு, வடக்கு எண்களை, அவளிடம் கொடுத்து, "நீயே கணித்துப் பார் பிள்ளை" என்றேன். இங்கே எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். முதல் கல் கிழக்கு 399240.15, வடக்கு 486102.40. இரண்டாவது கல் கிழக்கு 399252.35, வடக்கு 486099.10. கிழக்கு வித்தியாசம் 12.20, வடக்கு வித்தியாசம் மறை 3.30. இரண்டையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வந்துவிடும். பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றம்தான் இது. கிழக்கு வித்தியாசம் ஒரு பக்கம், வடக்கு வித்தியாசம் மற்றப் பக்கம், நமக்கு வேண்டிய எல்லைக்கோடு செம்பக்கம்.

"அங்கிள், எனக்கு பதினொன்று தசம் ஏழு ஐந்து வருகுது" என்றாள். பிளானில் இருப்பதை விட மூன்று அடிக்குக் கிட்டக் குறைவு! ஐயாவின் முகம் மறுபடி வாடியது.

கல்குலேட்டரை வாங்கிப் பார்த்தேன். மறை 3.30ஐ அடைப்புக்குறி போடாமல் அப்படியே வர்க்கித்திருந்தாள். அப்படி அழுத்தினால் பல கல்குலேட்டர்கள் 3.30ஐ மட்டும் வர்க்கித்துவிட்டுக் கழித்தல் குறியை முன்னால் வைத்துக்கொள்ளும். 148.84உடன் 10.89ஐக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடும். அடைப்புக்குறி போட்டதும் 159.73 வந்தது. அதன் வர்க்கமூலம் 12.64. பழைய பிளானின் 12.67க்கும் இதற்கும் மூன்று சென்றிமீற்றர்தான் வித்தியாசம். சங்கிலியால் அளந்த காலத்து அளவுக்கு இது மிக நல்ல பொருத்தம். வித்தியாசம் மறையாக வந்தால் குறியை விட்டுவிட்டே வர்க்கிக்கலாம், விடை மாறாது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பலர் போனில் இரண்டு மூலைகளைக் குறித்துக்கொண்டு வந்து, "சேர், உங்கள் பிளான் பிழை" என்கிறார்கள். சூத்திரத்தில் பிழையில்லை, அதற்குள் போடும் புள்ளிகளில்தான் பிழை. திறந்த வெளியில்கூடச் சாதாரண போனின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய 5 மீற்றர் வரை தள்ளிக் காட்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் இன்னும் மோசம். 12 மீற்றர் முகப்புள்ள காணிக்கு இந்த அளவை என்ன பயன் தரும்? போன் காட்டும் அகலாங்கு நெட்டாங்குகளில் நான்கு தசம தானங்கள்தான் இருந்தால், கடைசி இலக்கம் ஒன்று மாறுவதே நிலத்தில் 11 மீற்றர். அத்தோடு அவை பாகைகள், மீற்றர்கள் அல்ல. அப்படியே சூத்திரத்தில் போட்டால் வரும் விடைக்கு நிலத்தில் பொருளில்லை.

ஆள்கூறுகளை எண்ணும் கட்டங்கள் இலங்கையில் இரண்டு உண்டு; பழைய கட்டத்தையும் புதிய கட்டத்தையும் கலப்பது இன்னொரு சிக்கல். இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி பீதுருதலாகல மலைதான். ஆனால் பழையதில் அந்த இடத்துக்குக் கிழக்கு இரண்டு இலட்சம், வடக்கு இரண்டு இலட்சம் என்று பெயர், எஸ்.எல்.டி. 99 என்ற புதியதில் ஐந்து இலட்சம், ஐந்து இலட்சம். அதனால் வெள்ளவத்தையின் கிழக்குப் பெறுமானம் புதியதில் 399 ஆயிரத்துச் சொச்சம், பழையதில் 99 ஆயிரத்துச் சொச்சம். ஒரு கல்லுக்குப் பழையதையும் மற்றதற்குப் புதியதையும் போட்டால் தூரம் 424 கிலோமீற்றர் என்று வரும். இவ்வளவு பெரிய பிழையை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆபத்தில்லை.

ஆபத்து சத்தமில்லாத பிழையில் இருக்கிறது. இரண்டு கற்களுக்குமே கிழக்கையும் வடக்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் துளியும் மாறாது, 12.64 என்றே வரும். கற்களோ வேறெங்கோ கிடக்கும். தூரம் சரி என்பதால் இடமும் சரி என்று ஆகிவிடாது.

நான் மிகவும் கவலைப்படுவது அடுத்த விடயத்துக்கு. காணி வாங்குபவர்கள் நான்கு பக்கத்தையும் டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். நான்கு மரச்சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் செவ்வகமாக்கி, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சட்டங்களின் நீளம் அப்படியே இருக்கும், செவ்வகம் மட்டும் சரிந்துவிடும். காணியும் அப்படித்தான். 12க்கு 21 மீற்றர் செவ்வகம் 252 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் இது கிட்டத்தட்ட 9.96 பேர்ச். அதே நான்கு பக்கங்களோடு மூலை 75 பாகைக்குச் சரிந்தால் 243.4 சதுர மீற்றர்தான், 9.62 பேர்ச். ஏறக்குறைய 90 சதுர அடி குறைந்துவிட்டது. கொழும்பில் ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதைக் காட்டிக்கொடுப்பது குறுக்களவு, அதாவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம். செவ்வகமாக இருந்தால் இரண்டு குறுக்கும் 24.19 மீற்றர். சரிந்திருந்தால் ஒன்று 21.32, மற்றது 26.75. நடுவில் வீடு நின்றால் குறுக்கே டேப் இழுக்க முடியாது. அங்கேதான் சூத்திரம் கைகொடுக்கும், ஆள்கூறு இருந்தால் சுவர் தடையில்லை. நான்கு மூலைகளின் ஆள்கூறுகளையும் உங்கள் சேவையரிடம் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற சேவையர் கொடுக்கத் தயங்க மாட்டார். நான்கு பக்கம், இரண்டு குறுக்கு, மொத்தம் ஆறு தூரங்கள். உட்கார்ந்து செய்தால் அரை மணித்தியாலம் ஆகாது. மேடு பள்ளமான காணியில் டேப் சற்றுக் கூடக் காட்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம். பிளானில் இருப்பது கிடைத் தூரம். 20 மீற்றருக்கு 2 மீற்றர் ஏற்றம் இருந்தால் டேப்பில் 10 சென்றிமீற்றர் அதிகம் வரும்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை மதில் நிழலில் குந்தியிருந்து ஆறையும் கணித்தாள். குறுக்குகள் 23.60உம் 23.89உம் வந்தன. ஏறக்குறையச் செவ்வகம்தான், 10 பேர்ச் என்று உறுதியில் இருப்பதும் சரி. ஐயா ஆறு எண்களையும் பிளான் பிரதியின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதி, 63க்குப் பக்கத்தில் "லிங்க்" என்றும் குறித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நொத்தாரிசிடம் புறப்பட்டார்.