எம்.டி.பி.எஃப். – சராசரிப் பழுதிடை நேரம்

ஹார்டு டிஸ்க்கின் விவரத்தாளில் 'எம்.டி.பி.எஃப். 10 லட்சம் மணி நேரம்' என்று ஒரு வரி இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால் 114 வருடம் வருகிறது. அதே தாளில் உத்தரவாதம் 3 வருடம், மிஞ்சிப்போனால் 5 வருடம். இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான். அந்தச் சொல்லைத் தமிழில் 'சராசரி ஆயுள்' என்று எழுதினால்தான் அது பொய்யாகிவிடுகிறது.

'மீன் டைம் பிட்வீன் ஃபெயிலியர்ஸ்' என்பதன் சுருக்கம் அது. ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே ஓடும் நேரத்தின் சராசரி என்று பொருள். ஆயுள் என்ற பேச்சே இதில் இல்லை.

இந்த அளவு கணினிக்காகப் பிறந்ததல்ல. ரேடார், வானொலிக் கருவிகளில் இருந்த வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி போய்விடும். அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதை எண்ணால் சொல்ல வேண்டிய தேவை அமெரிக்கப் படைத்துறைக்கு வந்தது. அதற்காக அமைந்த ஆலோசனைக் குழு 1957இல் தந்த அறிக்கைதான் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. குழாய் போனால் புதியதை மாட்டிக் கருவியை மறுபடி ஓட்டினார்கள். அதே கருவி பலமுறை பழுதாகும், பலமுறை எழும். அங்கே 'இடை' என்ற சொல் சரியாகப் பொருந்தியது. ஹார்டு டிஸ்க் அப்படி இல்லை. போனால் போனதுதான், வேறு வாங்க வேண்டும். அதனால் கறாராகப் பார்த்தால் இதற்கு உரியது எம்.டி.டி.எஃப். என்ற இன்னொரு அளவு: பழுதாகும் வரை ஓடும் நேரத்தின் சராசரி. விவரத்தாள்களில் இரண்டையும் காணலாம்.

சரி, 10 லட்சம் மணி நேரம் எங்கிருந்து வருகிறது? ஒரு வட்டை 114 வருடம் ஓட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஹார்டு டிஸ்க்கே 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்ற கணினியோடு பிறந்ததுதான். பல வட்டுகளைச் சில மாதங்கள் சேர்ந்தாற்போல் ஓட்டுகிறார்கள். மொத்தமாக ஓடிய மணி நேரத்தைப் பழுதான வட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஆக, இது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். 1,000 வட்டுகள் ஓயாமல் ஓடினால் ஏறக்குறைய 1,000 மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது 42 நாளுக்கு ஒன்று பழுதாகும் என்பதே அதன் பொருள். வருடத்துக்கு 1,000இல் 9 போகும். உங்கள் கையில் இருக்கும் ஒரே வட்டு எப்போது போகும் என்பதற்கு இதில் பதில் கிடையாது. தேய்மானம் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கு செல்லவும் செல்லாது.

இதே செய்தியை 'ஆண்டுப் பழுது வீதம் 0.9 சதவீதத்துக்கும் குறைவு' என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனம் எம்.டி.பி.எஃப்.பை விட்டுவிட்டு இந்த அளவுக்கு மாறுவதாக அறிவித்தது. எனக்கும் இதுதான் நேர்மையான அளவாகப் படுகிறது.

அந்த 0.9கூட விவரத்தாளில் மட்டும்தான். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் 2007இல் சுமார் 1 லட்சம் வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுதோறும் மாற்றப்பட்டவை பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. வட்டுக்கு வயது ஏற ஏற இந்த வீதமும் ஏறியது.

அடுத்து, தமிழில் எழுதும்போது ஒன்றாகக் கலந்துவிடுகிற இரண்டு சொற்கள்: பழுதும் பிழையும். பழுது என்பது கருவி செயலிழப்பது. பிழை என்பது எழுதிவைத்த ஒன்றைத் தவறாகப் படிப்பது, அல்லது படிக்க முடியாமல் போவது. பழுதைப் பார்க்கிறோம், பிழையைத் திருத்துகிறோம். நம் வினைச்சொற்களே இரண்டையும் பிரித்துவைத்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. தமிழில் 'பிழை' என்ற வினைக்குத் தவறுதல் என்றும் பொருள், உயிர் தப்புதல் என்றும் பொருள். பிழை நேர்ந்த வட்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளவும் செய்கிறது! வட்டில் தகவல் எழுதப்படும் சிறு பகுதிக்கு செக்டர் என்று பெயர். ஒவ்வொரு செக்டரோடும் பிழை திருத்தும் குறிமுறை சேர்த்தே எழுதப்படுகிறது. வட்டு தானே திருத்திக்கொள்ளும், வேண்டுமானால் மறுபடி படித்துப் பார்க்கும், மோசமான செக்டரை ஒதுக்கிவிட்டு உபரி இடத்தில் எழுதிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது.

அதையும் மீறிப் போவது 'மீட்க முடியாத படிப்புப் பிழை'. வீட்டுக் கணினிக்கான வட்டுகளில் இதன் உச்ச வரம்பாகப் பல காலம் அச்சிடப்பட்டு வருவது 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்று. தமிழில் அழகாகச் சொல்லலாம்: ஒரு கோடி கோடி பிட்டுக்கு ஒன்று. டெராபைட்டில் 12.5. நிறுவனங்களுக்கான வட்டுகளில் பத்துக் கோடி கோடிக்கு ஒன்று. இது உச்ச வரம்பு என்பதை மறக்கக் கூடாது, 12.5 டெராபைட் படித்ததும் பிழை வந்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. 'பிழை விகிதம்' என்று எழுதுவதை விடப் 'பிழை வீதம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. வீதம் இத்தனைக்கு இத்தனை என்பது.

பழுதும் பிழையும் சந்திக்கும் இடம் ரெய்டு 5. பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் போகாதபடி எழுதிவைக்கும் முறை அது. ஒரு வட்டு பழுதானால் மற்ற வட்டுகளை முழுதுமாகப் படித்துத்தான் புதிய வட்டை நிரப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து மிச்சமுள்ள ஒன்றில் மீட்க முடியாத பிழை வந்தால் அந்தப் பகுதித் தகவல் போய்விடும். பிழை பழுதுக்கு முன்னறிவிப்பாகவும் வரும். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வட்டின் பரப்பை வருடிப் பார்க்கும்போது முதல் பிழை காட்டிய வட்டுகள், அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், எந்த முன்னறிகுறியும் காட்டாமல் போன வட்டுகளும் ஏராளம்.

இனி தமிழ்ச் சொல். 'பழுதுகளுக்கு இடையேயான சராசரி நேரம்' பிழையில்லாதது, ஆனால் நீளம். 'சராசரிப் பழுதிடை நேரம்' என்று சுருக்கலாம். பழுது என்பதன் ஈற்று உகரம் கெட்டு, இடையோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. எம்.டி.டி.எஃப்.க்குச் 'சராசரிப் பழுதுவரை நேரம்' என்பேன். அப்புறம் மூன்றாவதாக 'ஆண்டுப் பழுது வீதம்'. விவரத்தாளை நானே தமிழாக்கினால் அந்த வரியை இப்படி எழுதுவேன்: "சராசரிப் பழுதிடை நேரம் 10 லட்சம் மணி, அதாவது ஓயாமல் ஓடும் 1,000 வட்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 9 பழுதாகலாம்."