கமெண்ட் பெட்டி கலெக்டர் ஆபீஸ் இல்லை

போன வாரமும் ஒன்று. மகளிர் உரிமைத் தொகை பற்றி எங்கள் இணையதளத்தில் வந்த செய்திக்குக் கீழே தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து அக்கா ஒருவர், "எனக்கு இன்னும் ஆயிரம் வரல" என்று எழுதி, பெயர், ஊர், செல்போன் எண், ஆதார் எண் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். ராத்திரியில் பார்க்க ஆள் கிடையாது, கமெண்ட் தானாக ஏறிவிடும். காலையில் நான் டூட்டிக்கு வந்து அழிப்பதற்குள் எவனோ "ஆபீஸிலிருந்து பேசுகிறோம்" என்று கூப்பிட்டு ஓடிபி வாங்கிவிட்டான். போனது மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணம். எங்களுக்குப் போன் செய்து அழுதார். இந்த வருஷம் இப்படி எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது, மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்கும் ஒரு வசனம்: "தர்மபுரி பின்தங்கிய மாவட்டம், அங்கே யார் சார் கமெண்ட் போடப் போகிறார்கள்?" 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே நாம் கடைசி, 68.5 சதவீதம், சரி. ஆனால் வசதி கூடினால் வாசகர் பங்கேற்பும் கூடும் என்றால், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2014-லும் அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016-லும் கமெண்ட் பகுதியை ஏன் மூடின? காசில்லாமலா? தென்கொரியாவில் 2000-ல் தொடங்கிய ஓமைநியூஸ் என்ற செய்தி இணையதளம் வாசகர்களையே நிருபர்களாக்கியது. அங்கே இன்டர்நெட் வேகமாகப் பரவியது அதற்குக் கை கொடுத்தது, மறுக்கவில்லை. வசதி வந்தால் போனும் நெட்டும் வரும். வாசகருக்குப் பதில் எழுத ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை. எங்கள் டெஸ்கில் அந்த ஆள் நான் ஒருத்தன்தான், அதுவும் பகலில் மட்டும்.

எழுதுகிறார்கள், நிறையவே எழுதுகிறார்கள். ஓசூர்க்காரர் டிராபிக், விமான நிலையம் என்று செய்தியோடு சண்டை போடுவார். அரூர்க்காரர் மனு எழுதுவார். தாலுகா ஆபீஸுக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு என்று இருப்பவருக்குக் கமெண்ட் பெட்டிதான் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் பதில் போடுவதில்லை, திருடன் உடனே போடுகிறான்.

கலெக்டர் எங்கள் கமெண்டைப் படிப்பதில்லை, நம்புங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், போக முடியாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் போடுங்கள். போன் நம்பர், ஆதார், பாஸ்புக் போட்டோ எதையும் செய்திக்குக் கீழே போடாதீர்கள். ஓடிபி கேட்டால் யாராக இருந்தாலும் கட் பண்ணுங்கள். பணம் போய்விட்டதா, அந்த நிமிஷமே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

அப்புறம் தம்பிகளா, அம்மாவுக்கு டைப் பண்ணிக் கொடுப்பது நீங்கள்தான் என்று அந்தத் தங்கிலீஷைப் பார்த்தாலே தெரிகிறது. குறையை எழுதுங்கள், நம்பரை மட்டும் விட்டுவிடுங்கள்ப்பா.