ஆணா பெண்ணா? முட்டையின் சூடுதான் சொல்லும்

வீட்டுச் சுவர்ப் பல்லியின் முட்டையைப் பெரும்பாலும் எல்லோரும் பார்த்திருப்போம். டியூப்லைட் பட்டிக்குப் பின்னால், கதவு நிலை இடுக்கில், பழைய காலண்டருக்கு அடியில் இரண்டு வெள்ளை உருண்டைகள் கிடக்கும். இடும்போது மென்மையாக இருக்கும் ஓடு, காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு முட்டைக்கு வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. வறண்ட சுவரிடுக்கில் கிடந்தாலும் குஞ்சு பொரிந்துவிடும்.

உலகம் முழுக்கச் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் லெப்பர்டு கெக்கோவும் பல்லி இனம்தான். ஆனால் அதன் முட்டை வேறு மாதிரி. ஓடு தோல் போல வளையும், காய்ந்த இடத்தில் வைத்தால் சுருங்கிச் செத்துவிடும், ஈரமான இடத்தில் வைத்தால் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பது தாயும் தந்தையும் கொடுத்த குரோமோசோமில் எழுதியிருக்காது. முட்டை கிடக்கும் இடத்தின் சூடு அதை முடிவு செய்யும். இந்தப் பல்லியை இனப்பெருக்கம் செய்வது என்றால், காட்டில் மண் செய்கிற வேலையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கொண்டு நாம் செய்வது என்று பொருள்.

1854-ல் எட்வர்ட் பிளைத் இந்தப் பல்லியை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். யூப்ளெஃபாரிஸ் மாக்குலாரியஸ் என்பது பெயர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் பாறையும் புதரும் நிறைந்த வறண்ட நிலங்கள்தான் இதன் பூர்வீகம். பகலில் பாறை இடுக்கிலும் வளையிலும் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்ததும் பூச்சி தேடி வெளியே வரும். சுவர்ப் பல்லிக்கு இருக்கும் ஒட்டும் பாதம் இதற்குக் கிடையாது, கண்ணாடியில் ஏற முடியாது. ஆனால் பெரும்பாலான பல்லிகளுக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். பஞ்ச காலத்துக்கான குதிர் அது. வளர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதும் வாலைத்தான், மெலிந்த வாலுள்ள பெண்ணை இணை சேர்க்கவே கூடாது.

ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. பின்னங்கால்களுக்கு இடையே, கழிவுத்துளைக்கு மேலே, தலைகீழ் V வடிவில் ஒரு வரிசை மெழுகுத் துளைகள் தெரியும், வாலின் அடியில் இரண்டு புடைப்புகளும் இருக்கும். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டைதான், ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும். பெண்ணைக் கண்டால் அதே ஆண் வால் நுனியை மட்டும் விறுவிறுவென்று நடுக்கும், தரையில் பட்டு அது சலசலக்கும். பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடித்து இணைசேரும். லேசான பல் தடம் விழுவது சாதாரணம். ஒருமுறை சேர்ந்தாலே போதும், பெண் விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈடுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் ஆணைக் கூடவே வைத்திருக்கத் தேவையில்லை, வைத்திருந்தால் பெண்ணுக்கு ஓயாத தொந்தரவு.

ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை. பெரும்பாலான பல்லி இனங்களுக்கு இதுதான் கணக்கு, இரண்டு கருமுட்டைக் குழாய்களிலிருந்தும் ஆளுக்கு ஒன்று. முதல் ஈட்டில் சில சமயம் ஒன்றுதான் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று ஒரு பருவத்தில் பல ஈடுகள் போடும். 50 கிராம் எடையுள்ள ஓர் உயிர் ஒவ்வொரு முறையும் இரண்டு பெரிய முட்டைகளை உருவாக்கி வெளியே தள்ளுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் உடம்பு படும் பாடு புரியும். அதனால்தான் குறைந்தது ஒரு வயதாகி, 45 கிராமுக்கு மேல் எடை வந்த பெண்ணை மட்டுமே இணை சேர்க்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது. 15, 20 ஆண்டு வாழக்கூடிய உயிர் இது, அவசரம் எதற்கு?

சினைப் பல்லிக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் கால்சியம். முட்டை ஓட்டுக்கும் கருவின் எலும்புக்கும் அது வேண்டும். நாம் கொடுக்கும் சில்வண்டிலும் மீல்வார்ம் புழுவிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸோ பல மடங்கு அதிகம். இந்தப் பாஸ்பரஸ், உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச கால்சியமும் உடம்பில் சேராமல் கெடுக்கும். பற்றாக்குறை வந்தால் பல்லி தன் சொந்த எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். தாடை மென்மையாகிவிடும், கால் வளையும், தசை துடிக்கும், முட்டையைத் தள்ளும் வலு கர்ப்பப்பைக்கு இல்லாமல் போகும். முட்டை உள்ளேயே சிக்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டில் அழுத்தி எடுக்கப் பார்த்தால் உயிரே போகும். ஆகவே பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பார்கள், கூண்டிலும் ஒரு சின்ன மூடியில் பொடி வைப்பார்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதைப் பொடியிலோ புறஊதா விளக்கிலோ கொடுக்கலாம். டி3 மிதமிஞ்சினாலும் கெடுதல் என்பதால் அதை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். பூச்சிகளுக்கும் ஒரு நாள் முன்பே நல்ல கீரை, காய் போட்டு வயிற்றை நிரப்பியிருக்க வேண்டும், அதன் வயிற்றில் இருப்பதுதான் பல்லிக்குப் போகும்.

முட்டை வயிற்றுக்குள் வளர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மெல்லிய வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு வெளிர் நீள்வட்டங்கள் தெரியும். முட்டையிடும் நாள் நெருங்கினால் பெண் சாப்பிடாது, கூண்டின் மூலைகளைத் தோண்டிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்பே முட்டைப் பெட்டி தயாராக இருக்க வேண்டும்: ஒரு மூடியுள்ள டப்பா, பக்கத்தில் நுழைவு ஓட்டை, உள்ளே சில அங்குல ஆழத்துக்கு ஈரமான தேங்காய் நார்த் தூள். ஈரமான இடம் கிடைக்காவிட்டால் பெண் முட்டையை அடக்கிக்கொண்டு தவிக்கும், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடும். முட்டையிட்டுப் புதைத்து மூடிவிட்டால் தாயின் வேலை முடிந்தது. அடைகாப்பது கிடையாது. அது செய்யும் ஒரே பெரிய தீர்மானம் எந்த இடத்தில் புதைப்பது என்பதுதான். குஞ்சுகளின் பால், அதாவது அவை ஆணா பெண்ணா என்பது, அந்த இடத்தைப் பொறுத்து அமையும்.

இனி நம் வேலை. முட்டையை எடுக்கும்போது முதல் விதி: திருப்பக் கூடாது. கோழி தன் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும், இங்கே அது ஆபத்து. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முறுக்கு இழைகள் பல்லி முட்டையில் இல்லை. இட்ட சிறிது நேரத்திலேயே கரு முட்டையின் மேல்பக்கத்தில் அமர்ந்து, அதன் சவ்வுகள் ஓட்டோடு ஒட்டத் தொடங்கும். அப்புறம் தலைகீழாகப் புரட்டினால் சவ்வு கிழியலாம், மஞ்சள் கருவின் எடை கருவை நசுக்கலாம். அதனால் எடுக்கும் முன்பே பென்சிலால் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்து, அதே நிலையில் மாற்றுவார்கள்.

வைக்கும் டப்பாவில் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் தூளை நிரப்பி, எடைக்கு எடை தண்ணீர் கலந்து கொள்வது பழக்கத்தில் உள்ள அளவு. கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கட்டியாக நிற்க வேண்டும். முட்டையைப் பாதி புதைத்து வைக்க வேண்டும். வளையும் ஓடு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வாரங்கள் போகப் போக முட்டை கண்ணுக்குத் தெரிய பெரிதாகும். நடுவில் குழி விழுந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம், சுற்றியுள்ள தூளில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம், முட்டை மேல் ஊற்றக் கூடாது. அதிக ஈரமும் கொல்லும், ஓட்டின் நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால் கரு மூச்சு முட்டிச் சாகும். ஒரு வாரம் கழித்து இருட்டறையில் சிறு டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால், உள்ளே இளஞ்சிவப்பு வெளிச்சமும் மெல்லிய ரத்த நாளங்களும் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் அநேகமாகக் கூமுட்டை. ஆனாலும் அவசரப்பட்டு எறிய வேண்டாம். பூஞ்சை படர்ந்து, அமுங்கி, நாற்றம் வந்த பிறகு எறிந்தால் போதும்.

சூடு விஷயம்தான் இந்தப் பல்லியை ஆய்வகங்களுக்குக் கொண்டு சென்றது. முட்டையின் சூடு பாலைத் தீர்மானிக்கும் என்பதை ஊர்வனவற்றில் முதலில் சொன்னவர் மாட்லென் ஷார்னியே. 1966-ல் அகாமா ஓணானின் முட்டைகளை வைத்து அதை அவர் கண்டார். பிறகு ஆமைகளிலும் முதலைகளிலும் இதே கதை வெளிவந்தது. லெப்பர்டு கெக்கோவில் இது வினோதமான வடிவம் எடுக்கிறது. 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 30 டிகிரியில் இரண்டும் கலந்து வரும், பெண் அதிகம். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். இன்னும் சூடேற்றினால் ஆண் மட்டும்தான் வரும் என்று நினைப்போம், ஆனால் 34, 35 டிகிரியில் மறுபடியும் பெண்கள்! அதற்கு மேலே போனால் கரு பிழைப்பதே கடினம்.

சூடு எப்படிப் பாலாக மாறுகிறது? கருவில் தொடக்கத்தில் இருப்பது விதைப்பையும் அல்ல, சூலகமும் அல்ல, எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு சின்னத் திசு. அடைகாப்புக் காலத்தை மூன்றாகப் பிரித்தால், நடுப்பகுதியில்தான் அது எந்தப் பக்கம் போவது என்று முடிவாகிறது. அந்தக் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருந்தால் சூலகம், இல்லாவிட்டால் விதைப்பை. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அரோமடேஸ் என்னும் நொதி, சூடு இதன் வழியாகவே வேலை செய்கிறது என்று கருதப்படுகிறது. ஆண் பிறக்கும் சூட்டில் வைத்த முட்டைகளின் மீது ஈஸ்ட்ரோஜன் தடவியபோது பெண் குஞ்சுகள் பிறந்தன என்பது இதற்கு நல்ல சான்று. நடுக்கட்டம் முடிந்த பிறகு சூட்டை மாற்றினால் பால் மாறாது, குஞ்சு பொரியும் நாள் மட்டும் முன்பின்னாகும்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸும் அவருடைய குழுவினரும் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். 1988-ல் வில்லியம் கட்ஸ்கியும் க்ரூஸும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, கருவில் பட்ட சூடு வளர்ந்த பிறகான நடத்தையையும் மாற்றுகிறது என்று காட்டியது. 26 டிகிரியில் பிறந்த பெண்ணும் 32.5 டிகிரியில் பிறந்த பெண்ணும் ஒன்றல்ல. இரண்டாவது வகைப் பெண் ஆண்களை எதிர்த்துச் சீறுவதும் கடிப்பதும் அதிகம். ஆண்களிலும் இப்படி வேறுபாடு உண்டு. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ஈட்டில் வந்த இரண்டு முட்டைகள். ஒன்றை ஒரு டப்பாவிலும் மற்றொன்றைச் சில டிகிரி தள்ளி இன்னொரு டப்பாவிலும் வைத்தால் சுபாவம் வேறான இரண்டு உயிர்கள் வருகின்றன. குணத்தை மரபணுவா வளர்ப்பா என்று இரண்டாகப் பிரித்து வாதாடுகிறவர்கள் இந்த முட்டையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதனால்தான் தெர்மோஸ்டாட்டை நம்பி மட்டும் விடக் கூடாது. முட்டைக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையை வைக்க வேண்டும், இரண்டு டிகிரி பிசகினால் முடிவே மாறிவிடும். இன்னொன்று: முட்டை டப்பாவை வைக்கும் சூட்டுப்பெட்டியான சாதாரண இன்குபேட்டரால் சூடேற்ற மட்டும்தான் முடியும். நம் கோடை போல அறையே 35 டிகிரி இருந்தால் ஹீட்டர் அணைந்துதான் இருக்கும், ஆனாலும் முட்டை வெந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் குளிரூட்டவும் கூடிய இன்குபேட்டர் வேண்டும், அல்லது இனப்பெருக்கத்தை அந்த மாதங்களில் தவிர்த்துவிட வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இந்தப் பல்லியை வாங்குவதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டிருக்கிறது, காட்டிலிருந்து பிடித்து வந்ததை வாங்குவது எந்த நாட்டிலும் சரியல்ல.

எந்த இணையைச் சேர்ப்பது என்பதிலும் பெரிய பொறுப்பு இருக்கிறது. பல தலைமுறை வளர்ப்பில் இந்தப் பல்லிக்கு எத்தனையோ நிற வகைகள் வந்துவிட்டன. லெமன் ஃப்ராஸ்ட் என்ற வெளிர் மஞ்சள் வகை கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோலில் வெள்ளைக் கட்டிகளையும் வளர்க்கிறது. அந்த மாற்றம் உள்ளவற்றில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை கட்டிகளோடு அவதிப்படுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2021-ல் இதை ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தினார்கள். எனிக்மா என்ற இன்னொரு வகையில் தலை சாய்வதும் வட்டமாகச் சுற்றுவதுமான நரம்புக் கோளாறு வருகிறது. நிறத்துக்காக இந்த வகைகளைத் திரும்பத் திரும்பப் பெருக்குவது கொடுமை. இதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

முட்டை பொரிய, சூட்டைப் பொறுத்து ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல்வரை ஆகும். பொரிவதற்கு முன் முட்டை வியர்த்தாற்போல நனைந்து, சில சமயம் அமுங்கும். உள்ளே குஞ்சு, மூக்கு நுனியில் இருக்கும் இரட்டை முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறுகிறது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும், மிச்ச மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. உதவுகிறேன் என்று ஓட்டைக் கிழித்தால் ரத்த நாளம் அறுந்துவிடும். வெளியே வந்ததும் சுமார் 3 கிராம்தான் இருக்கும். புள்ளிகளுக்குப் பதிலாக மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், விரலை நீட்டினால் காலை நீட்டி நின்று கீச்சென்று கத்தும். முதல் தோலை உரித்து அதையே தின்றுவிடும். அதற்குப் பிறகு மூன்று நான்கு நாளில் குட்டிச் சில்வண்டுக்குப் பாயத் தொடங்கும். ஆளுக்கு ஒரு சின்ன டப்பா, ஈரமான ஒரு மறைவிடம், தரையில் மணல் இல்லாமல் டிஷ்யூ தாள். சேர்த்து வைத்தால் ஒன்றின் வாலை இன்னொன்று கடிக்கும்.

ஒவ்வொரு டப்பாவிலும் இட்ட தேதி, பொரிந்த தேதி, அடைகாத்த சூடு மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். சில மாதங்கள் கழித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த V வரிசை தெளிவாகத் தெரிந்தால் ஆண். 26 டிகிரி என்று எழுதிய டப்பாவில் ஆண்கள் வரிசையாக வந்தால், தெர்மாமீட்டரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.