கால் சென்டர் சம்பளம்: தனிப் புகாரால் பாக்கி வரும், உயர்வு வராது

மலேசியாவில் கால் சென்டரில் வேலை செய்பவர்கள் என்னைத் தேடி வருவது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. பங்சார் சவுத், கேஎல் சென்ட்ரல், சைபர்ஜெயா, பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்று பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் நம் பிள்ளைகள். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்பதால் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "லேபர் ஆபீஸ்ல கம்ப்ளேன் பண்ணா சம்பளம் ஏறுமாக்கா?"

ஏறாது. சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கியை லேபர் ஆபீஸ், அதாவது தொழிலாளர் இலாகா, வாங்கித் தரும். சட்டம் சொன்ன அளவுக்கு மேல் ஒரு காசு வேண்டுமென்றாலும் முதலாளியோடு பேசித்தான் வாங்க வேண்டும். தனி ஆளாகப் பேசினால் "மார்க்கெட் ரேட் இதுதான், பிடிக்காவிட்டால் போ" என்பார்கள். எல்லார் சார்பிலும் உட்கார்ந்து பேசி, அதை ஒப்பந்தமாக எழுதி வாங்கும் உரிமையைச் சட்டம் தொழிற்சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் நம் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ப் போராடி, ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள். அந்த நாற்காலியில் அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை அதே சம்பளத்துக்கு உட்காருகிறது.

முதலில் பாக்கியைப் பார்ப்போம். அது சின்னத் தொகை இல்லை.

ஷிஃப்ட் ஒன்பது மணிக்கு என்றால் எட்டே முக்காலுக்கே சீட்டில் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. கம்ப்யூட்டரைத் திறந்து, நாலைந்து சிஸ்டத்தில் லாக்-இன் செய்து, அன்றைய அப்டேட்டைப் படித்து முடித்து, சரியாக ஒன்பதுக்கு முதல் அழைப்பை எடுக்க வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சம்பளம் கிடையாது. மாதம் 22 நாள் வேலை என்றால் ஐந்தரை மணி நேரம். அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு, சட்டம் சொல்லும் முறைப்படி 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 ரிங்கிட், எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12.50. ஓ.டி. என்ற கூடுதல் நேரச் சம்பளம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18.75. ஐந்தரை மணி நேரத்துக்கு 103 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. ஒரு வருடத்துக்கு 1,200 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வந்து மாட்டும் நீளமான அழைப்புகளை இதில் நான் சேர்க்கவே இல்லை.

மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த ஓ.டி. உரிமை 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு முன் 48. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும். பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டு அதையெல்லாம் கூட்டிக் காட்டுவது செல்லாது. 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், அடிப்படைச் சம்பளமாக இருக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸையும் இன்சென்டிவையும் சேர்த்து 1,700 ஆக்கிக் காட்டக் கூடாது. டிரெயினிங் பாண்ட் பணத்தை (சொன்ன காலத்துக்கு முன் விலகினால் கேட்கும் பயிற்சிப் பணம்) கடைசிச் சம்பளத்திலிருந்து நிறுவனம் தன் இஷ்டத்துக்குக் கழித்துக்கொள்ள முடியாது. எதையெல்லாம் கழிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது, பாண்ட் அதில் இல்லை.

தீபாவளியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கும் இடங்களில் அந்த நாட்டு காலண்டர்படிதான் லீவு என்கிறார்கள். வருடத்துக்குச் சம்பளத்துடன் 11 பொது விடுமுறை கொடுத்தாக வேண்டும், அதில் ஐந்து நாள் சட்டமே குறித்தவை. தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஐந்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிறுவனம் அறிவித்த பட்டியலில் தீபாவளி இருந்தால், அதை வேறு நாளுக்கு மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். ரோஸ்டரில், அதாவது ஷிஃப்ட் பட்டியலில், பெயரைப் போட்டுவிட்டால் சம்மதம் வந்துவிடாது.

இவ்வளவும் லேபர் ஆபீஸ் வேலை. இனி நான் சொல்லப்போவதில் லேபர் ஆபீஸால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் மாதம் முழுவதற்குமான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடுகிறது. கழிவறைக்குப் போனால் டீம் லீடரின் திரையில் உங்கள் பெயர் சிவப்பாகிறது, திரும்பி வந்ததும் "என்ன ஆச்சு, எட்டு நிமிஷம்?" என்று எல்லார் முன்னாலும் கேள்வி வருகிறது. கெட்ட வார்த்தையில் திட்டுபவரின் அழைப்பைத் துண்டித்தால், அழைப்பின் தரத்துக்குப் போடும் கியூஏ மார்க்கில் பூஜ்யம். பெயரைக் கேட்டதும் இனத்தைச் சொல்லித் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் "சாரி சார்" சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த ஒப்பந்தங்களில் மாண்டரின், ஜப்பானிய, கொரிய மொழிக்கெல்லாம் மொழி அலவன்ஸ் இருக்கிறது. அதே தளத்தில் தமிழ் அழைப்பையும் எடுக்கும் பிள்ளைக்கு அது கிடையாது, தமிழ் அவளுக்கு "ஏற்கெனவே தெரியும்" என்பதால். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. கூட்டு ஒப்பந்தத்தில் எழுதினால்தான் மாறும். திட்டினால் ஒரு முறை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம் என்று எழுதலாம். எம்சிக்கு அலவன்ஸைத் தொடக் கூடாது என்றும், பேசும் மொழிக்கெல்லாம் அலவன்ஸ் என்றும் எழுதலாம். இரவு ஷிஃப்டுக்கு வீட்டு வாசல் வரை வண்டி என்றும் எழுதலாம்; நள்ளிரவுக்குப் பிறகு எல்ஆர்டி ரயில் கிடையாது. கூட்டு ஒப்பந்தத்தின் காலம் குறைந்தது மூன்று ஆண்டு. தொழிலியல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, சங்கத்தில் சேராத ஊழியருக்கும், பின்னால் வேலைக்கு வருபவருக்கும் அது பொருந்தும். ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

"கால் சென்டருக்கெல்லாம் யூனியன் கிடையாதே" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதற்குக் காரணம் இருந்தது. ஒரே தொழில், ஒரே துறை அல்லது அவற்றை ஒத்தவற்றைச் சேர்ந்தவர்கள்தான் ஒரே சங்கத்தில் இருக்கலாம் என்று தொழிற்சங்கச் சட்டம் பல காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஒரு வங்கிக்காக அழைப்பு எடுக்கும் அவுட்சோர்ஸ் ஊழியர் வங்கி ஊழியரா? தொலைபேசி நிறுவனத்துக்காக எடுப்பவர் எந்தத் துறை? இந்தக் கேள்வியிலேயே விஷயம் முடங்கிவிடும். 2024 செப்டம்பர் 15-ல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இந்தச் செய்தி நம் பிள்ளைகளிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் இதை நான் எழுத முக்கியக் காரணம்.

சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். விதிமுறைகளை எழுதி, அமைத்த ஒரு மாதத்துக்குள் தொழிற்சங்க விவகார இலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு சங்கத்தில் சேர்வது இன்னும் எளிது, அனுபவமுள்ள ஆட்கள் கூட இருப்பார்கள். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான எம்டியுசியின் அலுவலகம் சுபாங் ஜெயாவில் இருக்கிறது, அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். ஆனால் பதிந்துவிட்டாலே பேச்சுவார்த்தை நடத்திவிட முடியாது. நிறுவனத்திடம் அங்கீகாரம் கேட்க வேண்டும். 21 நாளுக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, 14 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவுக்கு எழுத வேண்டும். இலாகா ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் நிறுவனம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை வரும். நிர்வாக, எக்ஸிகியூடிவ் பொறுப்பில் இருப்பவர்களுக்காக, மற்ற ஊழியர்களின் சங்கம் அங்கீகாரம் கேட்க முடியாது. கால் சென்டரிலோ நேற்று சேர்ந்த பிள்ளையின் கடிதத்திலும் "கஸ்டமர் சர்வீஸ் எக்ஸிகியூடிவ்" என்றுதான் போட்டிருக்கும். "எங்களிடம் இருப்பவர்கள் எல்லாரும் எக்ஸிகியூடிவ், உங்கள் சங்கத்துக்கு இங்கே வேலை இல்லை" என்று நிறுவனம் வாதாடும். பயப்படாதீர்கள். இலாகா பார்ப்பது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை. ஆளை வேலைக்கு எடுக்கும் அதிகாரம் உண்டா, தண்டிக்கும் அதிகாரம் உண்டா, கொள்கை முடிவில் பங்கு உண்டா? ஒரு நாள் முழுவதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கழிவறைக்குப் போகவும் பட்டனை அமுக்க வேண்டிய ஒருவருக்கு இதற்கெல்லாம் என்ன பதில் என்பது தெரிந்ததே. உங்கள் வேலை விவரப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டில் வரும் எதிர்ப்பையும் நான் அறிவேன். "யூனியன் கீனியன்னு போயி வேலைய கெடுத்துக்காதம்மா" என்று சொல்லும் அம்மா அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், ராணுவத்தை வைத்து அடக்கினார்கள். 1949-ல் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பயம் தலைமுறை தாண்டி வருகிறது. ஆனால் கிள்ளான் தொழிலாளர்கள் அன்று வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலியும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மொழி அலவன்ஸையும் கழிவறைக் கணக்கையும் பற்றி ஒரு பிள்ளை என்னிடம் பேசும்போதெல்லாம் அந்தக் கோரிக்கைப் பட்டியல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இன்று சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம். சேராதே என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுவதும், விலகினால் டீம் லீடர் ஆக்குகிறேன் என்று ஆசை காட்டுவதும் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. அதனால் நேரடியாக யாரும் நீக்குவதில்லை. வேறு மாதிரி நடக்கும்.

ஒரு பெண் சொன்னதை அப்படியே தருகிறேன். "ஷிஃப்ட் நடுவுல எச்ஆர் ரூமுக்குக் கூப்டாங்கக்கா. போன வெளிய வச்சிட்டு வான்னாங்க. ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. கியூஏ மார்க்கு கம்மியாம். மேசைல ரிசைன் லெட்டர் அடிச்சே வச்சிருந்தாங்க, என் ஐசி நம்பர் வரைக்கும் போட்டு. நீயே எழுதிக் குடுத்தா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்னாங்க. கையெழுத்து போட்டுட்டேன்." அவள் என்னிடம் வந்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது.

மிரட்டி வாங்கிய ராஜினாமாவை நீதிமன்றம் பணிநீக்கமாகவே எடுத்துக்கொள்ள முடியும். நியாயமற்ற நீக்கம் என்று தீர்ப்பானால் மீண்டும் வேலை, அல்லது இழப்பீடு, அதோடு 24 மாதம் வரை பின்சம்பளம் கிடைக்கலாம். ஆனால் தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடிவிடும். அவளுக்கு மூடிவிட்டது. ஆகவே அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அன்றிரவே நடந்ததை நேரம், ஆள், சொன்ன சொல் என்று எழுதி வையுங்கள்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் "புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது" என்று கேட்கிறார்கள். கஷ்டமான கேள்வி. ஆனால் நிறுவனத்தின் நிரந்தர வேலைக்குத் தொடர்ந்து தற்காலிக ஒப்பந்தம் போடுவதை 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் அலசியிருக்கிறது. காகிதத்தில் தேதி போட்டிருப்பதால் மட்டும் அது தற்காலிக வேலை ஆகிவிடாது, இரு தரப்பின் நோக்கமும் நடத்தையும் வேலையின் தன்மையும் பார்க்கப்படும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உடனே யூனியன் என்று கிளம்பத் தயக்கமாக இருந்தால், நாற்பது பேருக்கு மேல் இருக்கும் உங்கள் தளத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இருந்தாக வேண்டும், ஊழியர் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். காது வலி, தொண்டை கட்டுதல், கழுத்து வலி, இரவுப் பயணம் எல்லாவற்றையும் அங்கே முறைப்படி எழுப்பலாம். ஒரே விஷயத்தைப் பற்றிச் சேர்ந்து பேசிப் பழக நல்ல இடம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆதாரம் என்று நினைத்து வாடிக்கையாளரின் பெயரோ கணக்கு எண்ணோ தெரியும் திரையைப் படம் எடுக்காதீர்கள். நியாயமான வழக்கையும் அது கெடுத்துவிடும். தனிநபர் தரவு மீறல் என்று நிறுவனம் அதையே பிடித்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பும். கம்பெனி லேப்டாப்பிலும் கம்பெனி சாட்டிலும் கம்பெனி வைஃபையிலும் சங்கத்தைப் பற்றி எழுதாதீர்கள். சொந்தக் கைப்பேசி, சொந்த டேட்டா. வேலை நேரத்தில் வேண்டாம், மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து பேசுங்கள்.

முதல் முறை வழக்கறிஞரையோ சங்கத்தையோ பார்க்கப் போகும்போது வேலைக் கடிதம், வேலை விவரம், கடந்த ஆறு மாத பேஸ்லிப், உங்கள் ரோஸ்டர், வந்த எச்சரிக்கைக் கடிதங்கள், எத்தனை மணிக்கு லாக்-இன் செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதிய நோட்டு, இவற்றை எடுத்துப் போங்கள். சம்பளப் பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. உங்களிடம் பேஸ்லிப் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கலாம், அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முடிந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.