மணல்வாரியும் 14 நாள் கணக்கும்

அட்லாண்டிக் கடலின் வடக்கில், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே இருப்பவை ஃபாரோ தீவுகள். 1846இல் அங்கே இருந்தவர்கள் 7,782 பேர். அந்த மார்ச் மாதக் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தச்சர் ஒருவருக்கு, சில நாளில் தட்டம்மை கண்டது. மணல்வாரி என்கிறோமே, அதுதான். சில மாதத்துக்குள் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள்.

விசாரிக்க டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர் இருவரில் ஒருவர் பீட்டர் லுட்விக் பனும். வயது 25, அப்போதுதான் படிப்பை முடித்தவர். வைரஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பனும் ஊர் ஊராகப் போய்த் தேதி கேட்டார். உடம்பில் தடிப்பு என்றைக்கு வந்தது? அதற்கு முன்னால் எங்கே போயிருந்தீர்கள்?

நகரத்தில் இதைக் கேட்டுப் பயனில்லை. தினமும் நூறு பேரை உரசிப் போகிறவன் யாரைச் சொல்வான்? எப்போதாவது ஒரு படகு வரும் கிராமத்திலோ அந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ட்யோர்னுவீக் என்ற சிற்றூரின் பத்து ஆண்கள், ஜூன் 4 அன்று ஒரே படகில் வெஸ்ட்மன்னாவுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் தடிப்பு. அப்புறம் ஏறக்குறைய இரண்டு வாரம் ஊர் சும்மா இருந்தது. பிறகு மற்றவர்களுக்கு மொத்தமாக வந்தது. கிராமத்துக்குக் கிராமம் இதே 14 நாள் இடைவெளி. கெட்ட காற்று இப்படி நாள் எண்ணிக்கொண்டு வராது.

அந்த 14 நாளில் நடப்பது என்ன? மூச்சோடு உள்ளே போன வைரஸ் நிணநீர் முடிச்சுகளில் பெருகி, ரத்தத்தில் கலக்கிறது. சுமார் பத்தாம் நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. மேலும் நான்கு நாள் கழித்துத்தான் தடிப்பு. சிக்கல் இங்கேதான்: தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் தொற்றும். வெறும் சளி என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வருவோம்.

பனும் கண்ட இன்னொன்றும் முக்கியமானது. அந்தத் தீவுகளில் முந்தைய தட்டம்மை 1781இல் வந்தது. அப்போது நோய் கண்டு பிழைத்து, கிழவர்களாகிவிட்டவர்களில் ஒருவருக்குக்கூட, 65 ஆண்டு கழித்தும், மறுபடி வரவில்லை.

சரி, மற்றவர்களை ஏன் இப்படி வாரிப்போட்டது? சில லட்சம் பேராவது சேர்ந்து வாழ்ந்தால்தான் தட்டம்மை ஓரிடத்தில் தொடர்ந்து தங்கும். சின்ன ஊரில் ஆள் கிடைக்காமல் அற்றுப்போகும். ஆனால் அது வராத ஒவ்வொரு வருடமும் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகள் கூடிக்கொண்டே போவார்கள்.

தடுப்பூசி வந்த பிறகும் அதே கணக்குதான். இந்தியாவில் முதல் ஊசி 9 மாதத்தில், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். 95 சதவீதம் பேர் இரண்டும் போட்டிருந்தால் நோய் பரவ வழியில்லை. மாவட்டச் சராசரி நன்றாக இருந்தாலும், சாலை போகாத ஒரு குக்கிராமத்திலோ பிழைப்புக்கு இடம் மாறும் செங்கல் சூளைக் குடும்பங்களிலோ ஊசி விடுபட்ட பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பார்கள். அங்கே பொறி விழும். சத்துக்குறைவும் வைட்டமின் ஏ பற்றாக்குறையும் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஊசி போட்ட பிள்ளைக்கும் வந்திருக்கிறதே, பிறகு ஊசி எதற்கு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலோர் ஊசி போட்ட ஊரில், ஊசி பலிக்காத சிலரும் நோயாளிப் பட்டியலில் இருப்பார்கள். அதனால் நோய்ப் பரவலை விசாரிப்பவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. நோய் வராத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் ஊசி அட்டையையும் வாங்கி ஒப்பிடுகிறார்கள். அப்புறம் பனும் கேட்ட அதே தேதிக் கேள்வி, 14 நாள் பின்னோக்கி. திமிங்கில வேட்டை இருந்த இடத்தில் இன்று ஒரு கல்யாணம் இருக்கும், திருவிழா இருக்கும். சில சமயம் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போய் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவே இருக்கும்.