கே2 மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

"வைட்டமின் கே2 போட்டா கால்சியம் ரத்தக்குழாய்ல படியாம நேரா எலும்புக்குப் போயிடுமாமே டாக்டர்?" டயாலிசிஸ் யூனிட்டில் இந்தக் கேள்வி வராத வாரமில்லை. கேட்பதற்கு முன்பே பலர் வாங்கிப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வைட்டமின் கே பற்றாக்குறை சகஜம். ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் தடுக்கும் எம்.ஜி.பி. புரதத்துக்கு அந்த வைட்டமின் தேவை. அதுவரை சரி. மாத்திரை போட்டால் படிவு குறைகிறதா? 2020இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஸ்காட்லாந்தில், டயாலிசிஸ் கட்டத்தை எட்டாதவர்களுக்கு ஓராண்டு தினமும் 400 மைக்ரோகிராம் கே2 கொடுத்தார்கள். ரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை. பெல்ஜியத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை 2000 மைக்ரோகிராம். கால்சியப் படிவு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் பற்றாக்குறை குறைந்தது, அவ்வளவே. உங்கள் அட்டையில் இருப்பது பெரும்பாலும் 100 மைக்ரோகிராமைத் தாண்டாது.

கே2 டிராஃபிக் போலீஸ் மாதிரி கால்சியத்தைத் திருப்பிவிடும் என்கிறார்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி 7 மி.கி./டெ.லி.யில் நிற்கும்போது ரத்தக்குழாயின் தசை செல்களே எலும்பு செல்களைப் போல மாறத் தொடங்கும். அங்கே எதைத் திருப்பிவிடுவது?

என் கோபம் கே2 மீதுகூட இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வருபவை மீது. அட்டையின் பின்பக்கம்: கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., அதாவது 500 மி.கி. கால்சியம். கால்சிட்ரியால் (செயல்படும் வடிவிலான வைட்டமின் டி) 0.25 மைக்ரோகிராம், மெக்னீசியம், துத்தநாகம். கால்சிட்ரியாலை நாங்கள் ஏற்கெனவே எழுதியிருப்போம். இப்போது இரட்டை டோஸ். கால்சியம் ஏறும், எலும்பின் புதுப்பிப்பைத் தூண்டும் பி.டி.எச். ஹார்மோன் தேவைக்கும் கீழே இறங்கும், எலும்பின் புதுப்பிப்பு முடங்கும். முடங்கிய எலும்பு கால்சியத்தை வாங்காது. அது படிய ரத்தக்குழாய்தான் மிச்சம். சிறுநீரகம் பழுதானதால் மெக்னீசியமும் எளிதில் வெளியேறாது.

பாஸ்பரஸைக் குறைக்க நாங்கள் கொடுத்த கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடிக்காது, கால்சியத்தை மட்டும் ஏற்றும்.

பொட்டாசியத்துக்குப் பயந்து கீரையை அடியோடு விட்டவர்களுக்கு: பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால், நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டயட்டீஷியன் சொன்ன அளவு சாப்பிடலாம். பொட்டாசியம் தண்ணீரோடு போகும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, கீரையிலேயே தங்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகுமரால் சாப்பிடுபவர்களே, தயவுசெய்து கே2வைத் தொடாதீர்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கி, செயற்கை வால்வில் ரத்தம் உறையலாம். கீரையும் வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இருக்கட்டும். தொடையிலோ வயிற்றிலோ கடும் வலியுடன் ஊதா நிறத் திட்டு வந்தால் அது தோலின் சிறு ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். களிம்பு தடவிக் காத்திருக்காதீர்கள்; வார்ஃபரினையோ அசெனோகுமராலையோ நீங்களாக நிறுத்தாமல் அன்றே வந்து காட்டுங்கள்.