முக்திநாத் போகிறவர்களே, ‘ஏ’ சீட் கேட்காதீர்கள்

நேபாளத்திலுள்ள முக்திநாத் கோயிலுக்குப் போக, எங்கள் பயண அலுவலகத்தில் காட்மாண்டுக்கு டிக்கெட் போட வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்: “எல்லாருக்கும் இடது பக்கம் ஜன்னல் போட்டுடுங்க. யூடியூப்ல பார்த்தோம், அங்கதான் இமயமலை தெரியுமாம்.” வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. இன்னும் சிலர் எங்களிடம் கேட்காமலே ஆன்லைனில் காசு கட்டி இடது ஜன்னலான ‘ஏ’ சீட்டை வாங்கிவிடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு, “மலையே தெரியலீங்க” என்ற புகார் மட்டும் எங்கள் மேசைக்கு வருகிறது.

அந்த வீடியோ பொய் இல்லை. டெல்லியிலிருந்து போனவர் எடுத்தது, அவ்வளவுதான். டெல்லியிலிருந்து காட்மாண்டு கிழக்கே இருக்கிறது. எழுந்து கிழக்கு பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் வடக்கு. மலை வடக்கில். ஆகவே அவருக்கு இடது. இப்போது கோலாலம்பூரிலிருந்து புறப்படுங்கள். விமானம் வடமேற்கு நோக்கிப் போகிறது. அப்படியே திரும்பி நின்று பாருங்கள், வடக்கு வலது தோள் பக்கம் வந்துவிட்டது. போகும்போது வலது, திரும்பும்போது இடது. மலை நகரவில்லை, நீங்கள்தான் வேறு திசையிலிருந்து வருகிறீர்கள்! எந்த ஊருக்கும் இதே கணக்குதான். சபாவின் கோத்தா கினபாலுவுக்குப் போகும்போது 4,095 மீட்டர் கினபாலு மலையும் வலது பக்கம்தான். காலை விமானம் எடுங்கள், பிறகு மேகம் மூடிக்கொள்ளும்.

வலது ஜன்னலின் எழுத்து, நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்தில் பெரும்பாலும் ‘எஃப்’, இரண்டு நடைபாதை இருந்தால் பெரும்பாலும் ‘கே’. எழுத்தை நம்பாமல் சீட் வரைபடத்தில் விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து எண்ணுங்கள்.

பக்கம் சரியானால் போதாது, வரிசையும் பார்க்க வேண்டும். 180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320-இல் ஏறத்தாழ 10 முதல் 20 வரையுள்ள வரிசைகளில் கீழே பார்த்தால் இறக்கைதான். அதற்குப் பின்னால் போனால் தரை தெரியும். ஆனால் இன்ஜின் சூட்டில் காற்று நெளிவதால் படம் கலங்கும். முன்வரிசைதான் நல்லது, காசும் கூடத்தான். போயிங் 737-800-இல் இன்னொரு தொல்லை: இறக்கைக்குச் சற்று முன்னால் இடது பக்கம் குளிர்சாதனக் குழாய் சுவருக்குள் ஏறுகிறது. அந்த இடத்தில் ஜன்னலே இருக்காது. வரைபடம் அதை ஜன்னல் சீட் என்றே காட்டும், வரிசை எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கோலாலம்பூர் அருகே சுபாங்கிலிருந்து பறக்கும் விசிறி விமானமான ஏடிஆர் 72-க்கு இறக்கை மேலே, அதனால் கீழே பார்க்க மறைப்பு குறைவு. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள். காற்றுக்கு ஏற்ப விமானம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் தெற்கிலிருந்தும் இறங்கும், வடகிழக்கிலிருந்தும் இறங்கும். தெற்கிலிருந்து வந்தால் 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் வலது பக்கம். வடகிழக்கிலிருந்து வந்தால் ஜார்ஜ் டவுனும் பினாங்கு மலையும் வலது பக்கம். ஆக, வலது. காலையில் வழிநெடுக அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும், கண்ணாடிக் கீறல் எல்லாம் படத்தில் மின்னும்.

போனைக் கண்ணாடியில் அழுத்தி வைக்காதீர்கள், அதிர்வில் படம் ஆடிவிடும்; ஒரு விரல் இடைவெளி விட்டு, கறுப்புத் துணியால் சுற்றி மறையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கேமராவில் போலரைசர் (கண்கூச்சத்தைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடி) இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஜன்னலில் வானவில் கோடுகள் விழும். ஜன்னலில் உள்ள சிறு துளையைச் சுற்றிப் பனி படிந்தால் தேய்த்துப் பயனில்லை, அது கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாள் சீட்டை மறுபடி பாருங்கள். விமானம் மாறியிருந்தால் உங்கள் எண் இறக்கைமேல் போய் நிற்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மேகம்தான் மிஞ்சும். அக்டோபர், நவம்பரில் போங்கள்.

குழுவாகப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரிசையில் மலைப் பக்கம் ஒரே ஜன்னல்தான். அதைப் போகும்போது அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கொடுங்கள், திரும்பும்போது பிள்ளைகள் உட்காரட்டும். ஆனால் அவசர வழி வரிசையில் முதியவர்களை உட்கார விடமாட்டார்கள், அதை அவர்களுக்கு வாங்காதீர்கள். இடம் மாறுவதானால் விமானம் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே மாறிவிடுங்கள். மலை தெரியும் நேரத்தில் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், யாரும் எழுந்திருக்க முடியாது.